பட்டது வேறு, உடைந்தது வேறு

போன மாதம் வடபழனி சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் ஸ்கூட்டரை ஓர் ஆட்டோ வந்து இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குத்தான் முகம் போய்விட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "பிரேக் அடிச்சேன் சார், புடிக்கல" என்றார். சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்கு வந்து இன்ஷூரன்ஸ் படிவத்தை எடுத்தேன். விபத்து எப்படி நடந்தது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டும். ஆட்டோ என் வண்டியின் மேல் "டேஷ்டு" என்று எழுதினேன். ஹெட்லைட், வைசர், இடது பக்கக் கண்ணாடி மூன்றுக்கும் நேராக "புரோக்கன், புரோக்கன், புரோக்கன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் சர்வீஸ் சென்டருக்கு வந்த சர்வேயர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சாவியைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டார். "புரோக்கன்னு போட்டிருக்கீங்க, எரியுதே சார். இது கிராக்." வைசரின் சில்லு பெயர்ந்த ஓரத்தை விரலால் தடவினார். "இது சிப்டு." கண்ணாடி இருந்த இடத்தில் சட்டம் மட்டும் இருந்தது, சில்லுகளை நான் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் தலையாட்டினார். "இது ஓகே. ஷாட்டர்டு." நான் எழுதிய மூன்று சொற்களையும் அடித்துவிட்டு மேலே அவர் மூன்று சொற்களை எழுதினார். ஹெட்லைட்டை மாற்ற வேண்டியதில்லை, வைசருக்குப் பெயின்ட் போதும், கண்ணாடிக்கு மட்டும் பணம் என்று முடிந்தது. வினைச்சொல் தப்பினால் காசு போகும் என்று இத்தனை வயதில்தான் தெரிந்தது.

நம்மில் பலருக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கற்றது அப்படி. ஹிட் என்றால் அடி, பீட் என்றால் அடி, ஸ்ட்ரைக் என்றாலும் அடி. பிரேக், ஸ்மாஷ், ஷாட்டர் எல்லாம் உடை. ஒன்றுக்கு ஒன்று நேராகத் தமிழ்ச்சொல் தேடினால் இந்தச் சொற்கள் பிடிபடாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சொல் பட்டதைச் சொல்கிறதா, பட்டதால் ஆனதைச் சொல்கிறதா?

சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். 1970-இல் வெளியான அதன் தலைப்பே 'அடித்தல், உடைத்தல் இவற்றின் இலக்கணம்' என்பதுதான். ஹிட் வகைச் சொற்கள் ஒன்று இன்னொன்றின் மேல் போய்ப் பட்டதை மட்டும் சொல்கின்றன. பட்ட பொருளுக்கு என்ன ஆயிற்று என்று வாய் திறப்பதில்லை. பிரேக் வகைச் சொற்கள் பொருளின் நிலை மாறிவிட்டதைச் சொல்கின்றன. எப்படி மாறியது என்பது அவற்றுக்குக் கவலையில்லை. சுவரை ஹிட் பண்ணலாம், சுவர் அப்படியே இருக்கலாம். சுவரை பிரேக் பண்ணிவிட்டு சுவர் அப்படியே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அவர் காட்டிய சோதனைகளைத் தமிழில் போட்டுப் பார்த்தால் அப்படியே வேலை செய்கின்றன. 'அவன் காலை அடித்தான்' என்பதை 'அவனைக் காலில் அடித்தான்' என்றும் சொல்லலாம். 'அவன் காலை உடைத்தான்' என்பதை 'அவனைக் காலில் உடைத்தான்' என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். ஆங்கிலத்திலும் அதே கதைதான்: ஒருவனைக் காலில் ஹிட் பண்ணலாம், காலில் பிரேக் பண்ண முடியாது. இன்னொரு சோதனை. கண்ணாடி தானாக 'உடைந்தது' என்று சொல்லலாம். கண்ணாடி தானாக 'அடிந்தது' என்று ஒரு சொல் தமிழில் இல்லவே இல்லை.

இதில் நம் மொழி ஆங்கிலத்தைவிடத் தெளிவு என்றே நினைக்கிறேன். ஆங்கிலத்தில் உடைந்ததற்கும் உடைத்ததற்கும் ஒரே பிரேக்தான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி இருக்கிறது: உடைந்தது, உடைத்தான். ஒடிந்தது, ஒடித்தான். முறிந்தது, முறித்தான். கிழிந்தது, கிழித்தான். நொறுங்கியது, நொறுக்கினான். நசுங்கியது, நசுக்கினான். அடி, அறை, குத்து, உதை, தட்டு பக்கம் வந்தால் இந்த ஜோடி கிடையாது; 'அடி பட்டது', 'அறை விழுந்தது' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். கையில் கிரிக்கெட் மட்டையோடு நிற்கும் பையனுக்கு இந்த இலக்கணம் யாரும் சொல்லித்தராமலே தெரியும். "யாருடா ஜன்னலை உடைச்சது?" என்று மாமி மேலிருந்து கேட்டால், "நான் பாலைத்தான் அடிச்சேன் மாமி, கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்பான். அடித்ததை ஒப்புக்கொண்டு உடைத்ததிலிருந்து கழன்றுகொள்கிறான்.

கிரிக்கெட் என்றதும் நினைவுக்கு வருகிறது. பந்து ஸ்டம்பை ஹிட் பண்ணினாலே அவுட் இல்லை. கிரிக்கெட் விதிப்படி ஒரு பெயிலாவது ஸ்டம்பின் மேலிருந்து முழுசாக விலக வேண்டும், அல்லது ஒரு ஸ்டம்பாவது தரையிலிருந்து பெயர வேண்டும். அப்போதுதான் விக்கெட் 'புரோக்கன்'. பந்து ஸ்டம்பில் பட்டு, பெயில் எழும்பி, ஆடி, திரும்பப் பள்ளத்திலேயே உட்கார்ந்துகொண்டால் பேட்ஸ்மேன் தொடர்ந்து ஆடலாம். சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். இருந்தாலும் நாட் அவுட். தெருக் கிரிக்கெட்டில் பெயில் கிடையாது, சுவரில் கரிக்கோடுதான், அதனால் அங்கே ஹிட்டுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் இல்லை. பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

சட்டமும் இதே கோட்டைப் போட்டிருக்கிறது, அங்கே விளைவு கடுமை. ஒருவர் இன்னொருவரைக் கையால் அடித்து வலி உண்டாக்கினால் அது காயம். எலும்போ பல்லோ முறிந்தாலோ பிசகினாலோ அது கொடுங்காயம். ஆயுதமில்லாத வழக்கில் முதலாவதற்கு அதிகபட்சம் 1 ஆண்டு சிறை, இரண்டாவதற்கு 7 ஆண்டு. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தப் பிரிவினை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. அடி ஒரே அடிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் காயச் சான்றில் ஃபிராக்சர் என்ற சொல் இருக்கிறதா என்பதில் வழக்கின் எடை மாறிவிடும். "ஃபிராக்சர் எல்லாம் இல்ல, சும்மா கிராக்தான்" என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோமே, அது மருத்துவத்திலும் செல்லாது, கோர்ட்டிலும் செல்லாது. மயிரிழை விரிசலும் ஃபிராக்சர்தான். எலும்பு முழுசாகத் துண்டாக வேண்டியதில்லை, பிளவு இருந்தாலே முறிவுதான் என்று உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. புத்தூர் கட்டு போடுபவரிடம் போனாலும் இரண்டுக்கும் கட்டு ஒன்றுதான்.

சரி, அடிக்கிற பக்கத்துச் சொற்களுக்குள்ளேயே என்ன வித்தியாசம்?

ஹிட் என்பதன் மூலம் பழைய ஸ்காண்டிநேவிய மொழி. அங்கே அதற்கு 'எதிர்ப்படு, கண்டுபிடி' என்று பொருள். அந்த வாசனை இன்னும் போகவில்லை. பிரேக்குக்கு எதிர்ச்சொல் கேட்டால் ஒட்டவைப்பது, சரிசெய்வது என்று போகும். ஹிட்டுக்கு எதிர்ச்சொல் மிஸ். குறியைப் போய்ச் சேர்ந்ததா, தவறியதா என்பதுதான் அதன் உயிர். படம் ஹிட் என்று கோடம்பாக்கத்தில் சொல்வதும் அதுதான்: போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு மேலே ஒரு படி 'பிளாக்பஸ்டர்'. அது இரண்டாம் உலகப் போரில் ஒரு தெருத்தொகுதியையே தகர்க்கக்கூடிய பெரிய குண்டுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர். ஆக, பட்டால் ஹிட், தகர்த்தால் பிளாக்பஸ்டர். வெள்ளிக்கிழமை போஸ்டர் ஒட்டுகிறவர்கள் ஃபில்மோரைப் படித்திருக்க வேண்டியதில்லை.

ஸ்ட்ரைக் கொஞ்சம் நாசூக்கான சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தடவு, உரசு, லேசாக மேலே செல் என்ற பொருள்கள் இருந்தன. தடவிக்கொடுப்பதைச் சொல்லும் ஸ்ட்ரோக் அதற்கு உடன்பிறப்பு. தீக்குச்சியை ஏன் ஹிட் பண்ணாமல் ஸ்ட்ரைக் பண்ணுகிறார்கள் என்பது இதில் விளங்கும். நாமும் தீக்குச்சியை அடிப்பதில்லை, உரசுகிறோம், கிழிக்கிறோம். மின்னல், கடிகார மணி, திடீரென வரும் யோசனை எல்லாம் ஸ்ட்ரைக். யோசனை வந்தால் நமக்குப் 'பொறி தட்டுகிறது', அதுவும் சிக்கிமுக்கிக் கல் சமாசாரம்தான். எழுதியதைக் கோடிட்டு நீக்கினாலும் ஸ்ட்ரைக். சர்வேயர் என் சொற்களை அடித்தார் என்று மேலே எழுதியபோது தமிழும் அதே வழியில்தான் போனது. அச்சில் நாணயம் அடிப்பதும் அப்படியே.

வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்த வழி சுவாரசியமானது. கப்பல்காரர்கள் பேச்சில் ஸ்ட்ரைக் என்றால் பாயையோ கொடியையோ கீழே இறக்குவது. 1768-இல் லண்டன் துறைமுகத்தில் கூலிக்காகப் போராடிய மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாமல் கப்பல் நகராது. அங்கிருந்துதான் அந்தச் சொல் தொழிற்சாலைக்கு வந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அது பெரம்பூருக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் மதராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் இங்கே தொடங்கியது. 1921-இல் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்லில் நடந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் 'ஸ்ட்ரைக்கு' என்று உகரம் சேர்த்துச் சொல்லும்போது அதில் எந்த அடியும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இருக்கிறது.

பீட் என்றால் திரும்பத் திரும்ப. ஒரே ஒரு தடவை பட்டால் அது பீட் ஆகாது. இதயம் பீட் ஆகிறது, பறை பீட் ஆகிறது, முட்டையை பீட் பண்ணுகிறார்கள். அப்புறம் தோற்கடிப்பதற்கும் அதே சொல். இங்கேதான் நாம் நிறைய சறுக்குகிறோம். தமிழில் மேட்சையும் ஜெயிக்கலாம், எதிராளியையும் ஜெயிக்கலாம். அந்தப் பழக்கத்தில் "இந்தியா வோன் ஆஸ்திரேலியா" என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வின் பண்ணுவது மேட்சை, கோப்பையை. ஆளை பீட்தான் பண்ண வேண்டும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்த இரண்டு அணிகளும் ஆடிய டெஸ்ட் 'டை' ஆனது, அன்று யாரும் யாரையும் பீட் பண்ணவில்லை, யாரும் எதையும் வின் பண்ணவும் இல்லை.

நாக் நமக்கு ரொம்பச் சுலபம், ஏனென்றால் 'தட்டு' அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. கதவைத் தட்டினாலும் நாக், மேஜையிலிருந்த டம்ளரைக் கைபட்டுத் தட்டிவிட்டாலும் நாக். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

மற்றபடி பேங், ஸ்மாக், ஸ்லாப், தம்ப் எல்லாம் காதால் பிரிக்க வேண்டிய சொற்கள். (ஸ்லாப் என்று எழுதினால் அறையா, கான்கிரீட் பலகையா என்று தெரியாது, நம் எழுத்து அப்படி.) ஆங்கிலம் சத்தத்தை வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. தமிழ் சத்தத்தை முன்னால் அனுப்பிவிட்டு வினையைச் சாதாரணமாக வைத்துக்கொள்கிறது: பளாரென்று அறைந்தான், டமாலென்று சாத்தினான், நங்கென்று குட்டினான், தொம்மென்று விழுந்தான், சடக்கென்று ஒடிந்தது. ஆங்கிலத்தில் ஏன் இத்தனை அடி என்று மலைப்பவர்கள் நம் 'என்று'க்களை எண்ணிப் பார்க்கலாம். அதோடு, குட்டு என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. பிள்ளையார் முன்னால் போட்டுக்கொள்வதை வெள்ளைக்காரருக்கு விளக்க எனக்கு முழு வாக்கியம் தேவைப்பட்டது. கடைசியில் செய்தே காட்டினேன்.

உடைகிற பக்கம் போவோம். அங்கே பிள்ளையார் கோயில் வாசலே போதும். அர்ச்சனைத் தேங்காய் வாங்கும்போது கடைக்காரரைக் கவனியுங்கள். காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கத்தியின் முதுகால் அதன் இடுப்பைச் சுற்றி டொக் டொக் என்று தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் காயைக் கொஞ்சம் திருப்புவார். மூன்றாவது நாலாவது தட்டில் சத்தம் மாறும், கம்மிப்போகும். ஒரு கோடு ஓடும், இளநீர் கசியும், காய் இரண்டு கிண்ணமாகப் பிரியும். தட்டியது டேப், ஓடிய கோடு கிராக், பிரிந்தது ஸ்ப்ளிட். அடுத்தவர் வேண்டுதலுக்காகச் சிதறுகாய் போடுகிறார். கையை ஓங்கிக் கல்லின் மேல் வீசுகிறார். அவர் செய்தது ஸ்மாஷ், தேங்காய்க்கு ஆனது ஷாட்டர். ஸ்மாஷ் வீசிய கையின் வேகத்தைச் சொல்கிறது, ஷாட்டர் சிதறிய சில்லுகளை எண்ணுகிறது. ஆயுதபூஜைக்கு நடுரோட்டில் பூசணிக்காயை ஸ்மாஷ் பண்ணலாம். ஷாட்டர் என்றால் இடிக்கும், பூசணி சதைப்பற்றானது. ஷாட்டருக்குப் பொருள் விறைப்பாக இருக்க வேண்டும்.

கார்க் கண்ணாடியிலும் இதைப் பார்க்கலாம். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்திவலை மாதிரி கிராக் ஆகும், பெரும்பாலும் இடத்தைவிட்டுப் போகாது. பக்கக் கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து முறுக்கேற்றியது; உடைந்தால் கல்கண்டு மாதிரி குட்டிக் குட்டித் துண்டாக ஷாட்டர் ஆகும்.

கிராக் முதலில் சத்தத்தின் பெயர், அப்புறம்தான் விரிசல். சத்தத்தால்தான் பட்டாசு கிராக்கர் ஆனது. கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் நீட் தேர்வைக் கிராக் பண்ணச் சொல்கிறார்களே, அது ஓடு கெட்டியான கொட்டையை உடைத்துப் பருப்பை எடுக்கிற கிராக். தெருவில் 'அவன் ஒரு கிராக்கு' என்பது விரிசல் விட்ட பானை.

பிரேக் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய குடை. அவ்வளவு பெரிய குடை நம்மிடம் இல்லை. நாம் பொருளைப் பார்த்துத்தான் சொல்லையே எடுப்போம். பானை உடையும், குச்சி ஒடியும், கிளை முறியும், கயிறு அறும், துணி கிழியும், செருப்பு பிய்யும். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் பிரேக் என்றே தள்ளிவிடலாம், துணியைத் தவிர. ஒடிவதும் அறுவதும் திடீரென்று நடந்தால் ஸ்நாப். அதனால் செருப்பு வார் போனதை ஆங்கிலத்தில் சொல்ல நமக்கு நாக்கு புரளாது. செருப்பு எப்படி உடையும் என்று மனசு கேட்கும். நேர்மாறாக, ஏரி நமக்கு உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் உடைந்துவிட்டது என்று வதந்தி கிளம்பி, ஊரே மொட்டைமாடிக்கு ஓடியது. ஏரி உடையவில்லை, விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். கரை உடைப்புக்கு ஆங்கிலத்தில் பிரீச், அதுவும் பிரேக்கின் சொந்தக்காரச் சொல்தான்.

வேலை செய்யாத பொருளும் அவர்களுக்கு புரோக்கன். லிஃப்ட் புரோக்கன் என்றால் லிஃப்டில் ஒரு கீறலும் இருக்காது, நகராது அவ்வளவுதான். நாம் இதற்கு 'லிஃப்ட் ரிப்பேர்' என்கிறோம். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் சரிசெய்வது. கெட்டுப்போனதற்குச் சரிசெய்வதன் பெயரை வைத்த ஊர் நம் ஊர். என் ஹெட்லைட்டில் சர்வேயர் பிடித்ததும் இந்த இடத்தைத்தான்: எரிகிற விளக்கு எப்படி புரோக்கன் ஆகும்?

இரண்டு பக்கத்திலும் கால் வைத்த சொற்கள் சில உண்டு. ஆங்கிலத்தில் ஸ்மாஷ் அப்படி. படுவதும் அதில் இருக்கிறது, உடைவதும் இருக்கிறது. தமிழ் இதை இரண்டாகப் பிரித்து வரிசைப்படி சொல்லும்: அடித்து நொறுக்கினான். முதலில் செய்தது, பிறகு ஆனது. மிதித்து நசுக்கினான், குத்திக் கிழித்தான் எல்லாம் அதே அச்சு. சாதனையை 'முறியடித்தார்' என்கிற சொல்லில் மட்டும் முறி முன்னாலும் அடி பின்னாலும் நிற்கின்றன. தனிச்சொல்லாக இரண்டு பக்கமும் ஆளுவது 'இடி'. கதவு நிலையில் தலை இடித்தால் அது பம்ப். மாவை இடித்தால் பவுண்ட். வீட்டை இடித்தால் டெமாலிஷ். வீடு தானாக இடிந்தால் கொலாப்ஸ். மேலே வானத்தில் இடித்தால் அது வேறு கணக்கு.

என் ஸ்கூட்டரையும் ஆட்டோ இடித்தது என்றுதான் மனசுக்குள் இருந்தது, அதை 'டேஷ்டு' என்று எழுதினேன். சர்வேயர் மற்ற மூன்றையும் அடித்தவர் இதை விட்டுவிட்டார். இன்றைய லண்டன்காரரிடம் காட்டினால், ஆட்டோ அவசரமாக எங்கேயோ ஓடியது என்று நினைத்துக்கொள்வார். அவர்களுக்கு டேஷ் என்றால் இப்போது பெரும்பாலும் ஓட்டம். மோதுகிற பொருளில் அது கொஞ்சம் பழசு. 1611-இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் கால் கல்லில் இடறும் இடத்தில் டேஷ் இருக்கிறது. கொலைட் என்று போட்டிருக்கலாமா என்றால், அதற்கு இரண்டு வண்டியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பழைய பத்திரிகை ஆசிரியர்கள் அடம்பிடிப்பார்கள். நான் சிக்னலில் நின்றிருந்தேன். ஹிட் என்று போட்டிருந்தால் போதும்.

அதைத்தான் சர்வேயரிடம் கேட்டேன், இதை மட்டும் ஏன் சார் திருத்தல என்று. பேனாவை மூடிப் பையில் வைத்தபடியே சொன்னார்: "அது கரெக்ட்தானே சார். எஃப்.ஐ.ஆர்ல எல்லாம் அப்படித்தான வரும்."